வயிற்றுக்குள் ஒரு நாக்கு

அத்தியாயம் 7

"எனக்கு ஒரு பேப்பரும் வேண்டாம். சாகிறதுக்கு ஆரும் ரிப்போட் கேக்கிறேல்லை."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருந்த குலசேகரம் இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்கிறவனின் குரலில் சொன்னான். சிறைச்சாலை ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சட்டை அவனுக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது.

அஸீஸா பேப்பரையும் பேனாவையும் வலையின் கீழ் இடுக்கால் உள்ளே தள்ளினாள். பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனிகளுக்காக, தாழாத படகுகளையும் எரியாத கடைகளையும் துருவித் திரிந்தவள் அவள். இப்போது பாலாவிச் சந்தியில், டயர்க் கடைக்கு மேல்மாடியில், சொந்தமாக ஒரு விசாரணை அலுவலகம் வைத்திருக்கிறாள். கையொப்பம் போட மறுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். சாவதற்கு முன் வீட்டுக்குப் போக மறுக்கிறவனை இன்றுதான் பார்க்கிறாள்.

சங்கதி இதுதான். கல்பிட்டி வீதியில் உப்புநீர்க் களப்போரமாக, மீனை உப்பிட்டுக் காயவைக்கிற ஒரு கருவாட்டு வாடி. அதன் மேற்பார்வையாளன் கீர்த்திகன் போன மாதம் பதினாலாம் திகதி மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு அவனோடு போனில் கதைத்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று மணிக்கு ஐஸ் லொறிக்காரன் பிணத்தைக் கண்டான். அன்றிரவே, அந்த வாடியில் வேலை செய்த குலசேகரம் தானாகப் பொலிசுக்கு நடந்து போய், உப்பு மண்வெட்டியால் அடித்தது தான்தான் என்று சொன்னான். அடிபோட்டுவிட்டு இருட்டும்வரை கண்டல் காட்டுக்குள் ஒளிந்திருந்தானாம். மறுநாள் நீதவான் முன்னாலும் அதையே சொன்னான். ஒப்புக்கொண்டவனை அதற்குப் பிறகு யார் துருவப் போகிறார்கள்?

அவனுக்குப் புற்றுநோய் என்பது வாடி முழுக்கத் தெரிந்த விசயம். அதற்கு முந்தின மாதம் எடுத்த ஸ்கேன் படத்தில் வயிறு நிறையக் கட்டிகள். மூன்று மாதம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அதே வாடியில் வேலை செய்கிற மனைவி றோசலின் அஸீஸாவிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வழக்கை வெல்லச் சொல்லிக் கேக்கேல்லை அக்கா. அவர் என்ர மடியில சாகவேணும். அவ்வளவும்தான்."

சட்டத்தரணி அத்தாஉல்லா வெள்ளிக்கிழமை நோயைக் காட்டிப் பிணை கேட்கப் போகிறார். அதற்கு ஸ்கேன் படம் வேண்டும். வீட்டில் இருந்த படம் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது என்றாள் றோசலின். பிரதி எடுப்பதென்றால் நோயாளியின் கையொப்பம் தேவை. இன்று செவ்வாய்.

"சரி, கையொப்பத்த விடுங்க. போமையாவது நிரப்புவம்," என்றாள் அஸீஸா. "முந்தி ஏதும் ஒப்பரேசன்?"

"பதினேழு வயசில மண்ணீரல் எடுத்தது. வள்ளம் தள்ளேக்க அதின்ர முன் அணியம் வயித்தில இடிச்சுப் போட்டுது." சட்டையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புள்வரை ஒரு நீளத் தழும்பு.

அஸீஸாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அவளோடு வந்த பஸ்தியான் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது தைச்சதா, ஜிப் வச்சு விட்டதா?"

குலசேகரம் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு பேனாவை எடுத்துக் கையொப்பமும் போட்டான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, கையொப்பத்துக்குக் கீழே நிதானமாக ஒரு வரி எழுதினான்: முதல் படம் மட்டும்.

"டிலுக்ஷி பள்ளிக்கூடம் போறாளோ?" என்று மகளைப் பற்றி மட்டும் கேட்டான்.

"போறாளாம்."

"அது போதும்," என்று எழுந்து உள்ளே போனான்.

*

பாலாவிச் சந்தியில் லொறித் தூசு தேத்தண்ணிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பணிசில்கூடப் படிந்திருந்தது. பஸ்தியான் அதைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டான். சிலாபத்துக்காரன், நாற்பது வயது, அஸீஸாவின் உதவியாளன், சாரதி, மொழிபெயர்ப்பாளன் எல்லாம் அவன்தான். அவன் ஓட்டுகிற முச்சக்கரவண்டிக்கும் சரி, வாய்க்கும் சரி, பிரேக் சரியில்லை என்பது அஸீஸாவின் முறைப்பாடு.

"ராத்தா, ஒண்ணு கேக்கிறேன். ஒரே பொஞ்சாதி வச்சிருக்கிறவன் எங்கயாவது 'இவ என்ட மூத்த தாரம்' எண்டு சொல்லுவானா?"

"சொன்னா அண்டைக்குச் சோறு கிடைக்காது."

"அப்ப ஒரே படம் எடுத்தவன் ஏன் 'முதல் படம்' எண்டு எழுதுறான்?"

அஸீஸா கிளாசைக் கீழே வைத்தாள். "நானும் அதத்தான் யோசிக்கிறன். இன்னொண்டும் இருக்கு. இதப் பாருங்க." கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். போன வாரம் றோசலின் நிரப்பிக் கொடுத்த விபரம். முந்திய ஒப்பரேசன் என்ற இடத்தில் 'குடல்வால்' என்று இருந்தது.

"குடல்வாலா?" பஸ்தியான் எழுந்து நின்று சட்டையைத் தூக்கினான். "இந்தா, எனக்கும் எடுத்ததுதான். கீழ, வலப்பக்கம், ரெண்டு இஞ்சி. அந்த மனிசனுக்கு நெஞ்சில இருந்து தொப்புள்வரைக்கும் ரோட்டுப் போட்டிருக்கு. குடல்வால் தேடி ஆரும் நெஞ்சுக்குள்ள போவானா?"

"பஸ்தியான்! இது சாப்பாட்டுக் கடை, சட்டைய இறக்கு!" என்று கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்தினார்.

அஸீஸா போனை எடுத்து றோசலினை அழைத்தாள். இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"குடல்வால்தான் அக்கா. அவரும் அப்பிடித்தான் சொல்லுறவர், எல்லாரும் அப்பிடித்தான்."

"முதல்ல ஆரு சொன்ன?"

"மாமா. அவற்ற அப்பா. அப்ப முல்லைத்தீவில இருந்து இடம்பெயர்ந்து வந்த புதுசு, ஒருத்தருக்கும் சிங்களம் தெரியாது. ஒப்பரேசன் முடிய நேர்ஸ் வந்து, இன்னதை எடுத்தாச்சு எண்டு சிங்களத்தில சொல்லியிருக்கிறா. பக்கத்துக் கட்டில்காரர் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினவராம், 'வயித்து நாக்கு' எண்டு. வயித்துக்குள்ள நாக்கு மாதிரித் தொங்கிறது குடல்வால்தானே எண்டு மாமா முடிவெடுத்திட்டார். சிங்கள ஆக்களுக்கு வயித்துக்குள்ளயும் ஒரு நாக்கு எண்டு சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பார்."

பஸ்தியானுக்குப் பணிஸ் புரைக்கேறியது. இருமி, தண்ணீர் குடித்து, மேசையில் அடித்தான்.

"ராத்தா! 'பட' எண்டா வயிறு. 'திவ' எண்டா நாக்கு. சேத்துச் சொன்னா 'படதிவ'. அது மண்ணீரல்! சிலாபத்து இறைச்சிக் கடையில நான் கேட்டு வாங்கிற சாமான்!"

அஸீஸா போனை அணைத்தாள். வெளியே இரண்டு கழுதைகள் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றன. சாரதி ஹோன் அடிக்க அடிக்க அவை அசையவில்லை.

"இருபத்தெட்டு வருசமா ஒரு குடும்பமே பிழையான உறுப்பின்ட பேரச் சொல்லிட்டு வந்திருக்கு. பொஞ்சாதிக்கு இண்டைக்கும் குடல்வால்தான்." அவள் மெதுவாகச் சொன்னாள். "மறியலுக்குள்ள இருக்கிற மனிசனுக்கு மட்டும் மண்ணீரல். அவருக்குச் சரியான பேரச் சொல்லிக் குடுத்தது ஆரு? எப்ப?"

"வயித்துக்குள்ள பாத்த ஆள்தான் சொல்லியிருக்கணும்."

"ஓம். ரெண்டாவது படம் எடுத்த ஆள்."

*

மறுநாள் காலை ஸ்கேன் நிலையத்தில் றஹ்மா, கோப்பைத் தேடுவதற்கு முன் சட்டத்தரணியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். அதில் 'எல்லாப் பதிவுகளும்' என்று இருந்தது. படம் எடுக்கிற வேலையில் பன்னிரண்டு வருடம் இருப்பவள். படத்தைப் பார்த்துத்தான் ஆட்களை நினைவில் வைத்திருப்பாள்.

"இந்த வயிறு ஞாபகம் இருக்கு," என்று கணினித் திரையைத் திருப்பினாள். "இத வாசிச்ச டொக்டர குறை சொல்ல ஏலாது. பாருங்க, ஈரலுக்குப் பக்கத்தில, குடலுக்கு மேல, இடுப்புக்குழியில, எல்லா இடமும் கட்டி. ஒம்பது எண்ணினன். புற்றுநோய் பரவினாலும் இப்பிடித்தான் தெரியும்."

"மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில என்ன இருக்கு?"

றஹ்மா திரும்பி அஸீஸாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீங்க டொக்டரா?"

"படகு எஞ்சின் பாத்த ஆள்."

"நான் எண்ணின ஒம்பதில ஒண்டு அந்த இடத்திலதான் இருக்கு. அத மட்டும் 'சின்ன மண்ணீரல்' எண்டு எழுதியிருக்காங்க. வேற என்ன நினைக்கிறது? அவர் தந்த போம் இது." குலசேகரத்தின் கையெழுத்தில், அன்று: குடல்வால், 1996. "குடல்வால் எடுத்த ஆளுக்கு மண்ணீரல் இருக்கத்தானே வேணும். மண்ணீரல் எடுத்தவர் எண்டு ஒரு சொல் எழுதியிருந்தா கதையே வேற."

"எப்படி வேற?"

"அடிபட்டு மண்ணீரல் வெடிச்சா துண்டுகள் வயித்துக்குள்ள சிந்தும். சில ஆக்களுக்கு அந்தத் துண்டு விழுந்த இடத்திலயே ஒட்டி, இரத்தம் இழுத்து, வளரும். ஒரு தீங்கும் செய்யாது. வெட்டவும் தேவையில்ல, மருந்தும் தேவையில்ல. ஆனா படத்தில கட்டி மாதிரித்தான் தெரியும்."

பஸ்தியான் முன்னால் வந்தான். "அப்ப அது புற்றுநோயா, மண்ணீரலா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது தங்கச்சி? கூப்பிட்டுக் கேக்கவா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்." றஹ்மாவுக்கு இது பிடித்த இடம்போல, கைகளை ஆட்டிச் சொன்னாள். "பழுதான சிவப்புக் கலங்களப் பிடிச்சு வைக்கிறதுதான் மண்ணீரலின்ட தொழில். அதனால அந்த ஆள்ட இரத்தத்தக் கொஞ்சம் எடுத்து, அம்பது டிகிரிக்குக் கிட்ட சூடாக்கிப் பழுதாக்கி, கமராவுக்குத் தெரியிற மருந்த அதில ஏத்தி, திரும்ப அவருக்கே ஊசி போட்டு விடுவாங்க. உள்ள போன பழுதான கலங்கள எது பிடிக்குதோ அது பளிச்செண்டு தெரியும். புற்றுநோய் இப்பிடிப் பிடிக்காது."

"கள்ளன உள்ள விட்டுப் பொலிசக் கண்டுபிடிக்கிறாங்க," என்றாள் அஸீஸா.

"எங்கட ஊர்ல விட்டா ரெண்டு பேரும் சேந்து தேத்தண்ணி குடிப்பாங்க," என்றான் பஸ்தியான்.

றஹ்மா சிரிக்காமல் இன்னொரு கோப்பைத் திறந்தாள். "கிளினிக்கில ஒரு டொக்டர் அவர்ட தழும்பப் பாத்துச் சந்தேகப்பட்டு, இந்த ஸ்கேனுக்கு அனுப்பியிருக்காங்க. இங்க அந்த வசதியில்ல, கொழும்பிலதான். முடிஞ்சதும் எங்களுக்கும் ஒரு கொப்பி அனுப்பினாங்க. இந்தா."

கறுப்புத் திரையில் ஒரு மனித உருவத்தின் மங்கிய நிழல். அதன் வயிற்றுக்குள் ஒன்பது வெளிச்சப் புள்ளிகள். கட்டிகள் இருந்த அதே ஒன்பது இடங்கள்.

"ஒம்பதும் மண்ணீரல். மனிசன் தொண்ணூறு வயசுவரைக்கும் இருப்பார்."

பஸ்தியான் சிலுவை போட்டுக்கொண்டான். அஸீஸாவின் கண் புள்ளிகளில் இல்லை. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் கிடந்த திகதியில் இருந்தது. பதினாலு. நேரம், பிற்பகல் 2.41.

அவள் சொல்வதற்கு முன்பே பஸ்தியான் கண்டுவிட்டான். "ராத்தா! கீர்த்திகன் மண்டை உடைஞ்ச நேரம்! அந்த நேரம் நம்ம மனிசன் கொழும்பில கமராவுக்குக் கீழ படுத்திருக்கார்! இத விடப் பெரிய சாட்சி எங்க இருக்கு? வயிறே வந்து சாட்சி சொல்லுது!"

"ரிப்போட்ட அவர் எப்ப வாங்கினார்?" என்று அஸீஸா கேட்டாள்.

றஹ்மா கீழே உருட்டினாள். "அண்டைக்கே. நாலு மணிக்குக் கையில குடுத்திருக்காங்க. விளங்கப்படுத்தியாச்சு எண்டு அவர்ட கையொப்பமும் இருக்கு."

*

கல்பிட்டி வீதியில் வண்டி பறந்தது. வலப்பக்கம் களப்பு வெயிலில் தகரம்போலக் கிடந்தது. உப்பளங்களைத் தாண்டியதும் தூரத்துக் காற்றாலைகள் சுற்றத் தொடங்கின. பஸ்தியான் வாய் ஓயாமல் கதைத்தான். றோசலின் அக்கா மயங்கி விழுவா, தண்ணிப் போத்தல் வாங்கி வைப்பம். மனிசன் வெளியில வந்ததும் ஆட்டுப் படதிவ வாங்கிக் கறி காய்ச்சிக் குடுக்கணும், பழைய கடன் தீரட்டும்.

"பஸ்தியான், யோசிச்சுப் பாருங்க," என்றாள் அஸீஸா. "அவர் நாலு மணிக்கு அங்க நல்ல செய்தி கேக்கிறார். பஸ் ஏறி ராவைக்கு இங்க வந்து இறங்குறார். இறங்கின கையோட போய், செய்யாத கொலைய நான்தான் செய்தன் எண்டு சொல்றார். சாகப் போறன் எண்ட நினைப்பில இல்ல. தொண்ணூறு வயசுவரைக்கும் இருப்பன் எண்டு தெரிஞ்சு, அந்த ரிப்போட்ட ஒளிச்சு வச்சிட்டுச் சொல்றார். ஒரு ஆள் தன்ட இருபது வருசத்த ஆருக்குத் தூக்கிக் குடுப்பான்?"

"இருபது வருசமா? என்ட பொஞ்சாதிக்கு நான் இருபது நிமிசம்கூட..."

வண்டியின் வேகம் குறைந்தது. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

"மாதாவே," என்றான் பஸ்தியான்.

வாடிக்குப் போகிற மண்பாதையில் திரும்பும்போது அவன் கேட்டான். "இப்பிடியே திரும்பி அலுவலகத்துக்குப் போயிருவமா ராத்தா?"

"போகலாம். வெள்ளிக்கிழமை லோயர் படம் எங்க எண்டு கேப்பார்."

"முதல் படத்த மட்டும் குடுப்பம். மனிசன் எழுதித் தந்தது அதுதானே."

"குடுத்தா, சாகிறதுக்கு எண்டு வீட்ட விடுவாங்க. மூணு மாசம் இருப்பார். நாலாவது மாசமும் உயிரோட இருந்தா கோட்டுக்கு என்ன காரணம் சொல்றது?"

பஸ்தியான் வண்டியை வாடி வாசலில் நிறுத்தினான்.

*

வாடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்தார்கள். விரித்த வலைகளில் மீன்கள் பிளந்து காய்ந்தன. றோசலின் மட்டும் தொட்டியடியில் நின்று உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, கை முழங்கைவரை வெள்ளையாக இருந்தது.

"படம் கிடைச்சுதோ அக்கா?"

"கிடைச்சது. கொஞ்சம் இரிங்க."

"நிண்டே கேக்கிறன். எத்தினை நாளாம்?"

அஸீஸா வரும் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள். "அது புற்றுநோய் இல்ல," என்றாள்.

றோசலினுக்கு விளங்கவில்லை. படத்தைக் காட்டி, ஒன்பது புள்ளிகளையும் காட்டி, பஸ்தியான்தான் சொன்னான்: வள்ளம் இடிச்சப்ப சிந்தின மண்ணீரல் துண்டுகள், வேற ஒண்ணும் இல்ல, மருந்தே தேவையில்ல. அவள் அந்தப் படத்தை உப்புக் கையால் வாங்கினாள். வாய்விட்டுச் சிரித்தாள். "அந்தோனியாரே! அந்தோனியாரே!" என்று சொல்லிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழும்பி, அஸீஸாவின் இரண்டு கையையும் பிடித்தாள். "அவருக்குச் சொல்லவேணும் அக்கா! இப்பவே சொல்லவேணும். போனில கதைக்க விடுவினமோ? மனிசன் ஒவ்வொரு நாளும் சாவை நினைச்சுக்கொண்டு கிடக்குமே!"

அஸீஸா அந்தக் கைகளை விடவில்லை. "அவருக்குத் தெரியும், றோசலின்."

"ஆர் சொன்னது? நீங்கள் சொன்னீங்களோ?"

"கொழும்பில சொல்லியிருக்காங்க."

"கொழும்பிலயோ? அவர் எப்ப கொழும்புக்குப் போனவர்?"

றோசலின் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் இருந்ததை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டுகிறவள்போல உதட்டை அசைத்து வாசித்தாள். சிரிப்பு முகத்திலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"சிலாபம் போறன் எண்டுதான் சொல்லிட்டுப் போனவர்," என்றாள் கடைசியில். "எட்டரை மணி பஸ்ஸில வந்து இறங்கினவர். சிரிச்சுக்கொண்டு இறங்கினவர் அக்கா. ஏன் சிரிக்கிறீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கிற நிலைமையில நான் இருக்கேல்லை. நடந்ததைச் சொன்னன். அவர் கையைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு கன நேரம் நிண்டார்."

"என்ன நடந்தது?"

"கீர்த்திகன் வந்து வாடி தந்த வீட்டை விடச் சொன்னவன். சாகப் போறவனுக்கு வாடியில இடமில்லை எண்டான். நான் கெஞ்சினன். டொக்டர் மூண்டு மாசம் எண்டுதானே சொன்னவர், அதுமட்டும் இருக்க விடு எண்டு இந்தப் படத்தை... முதல் படத்தை, எடுத்துக் காட்டினன். அவன் அதைப் பறிச்சுக் களப்புக்குள்ள எறிஞ்சுபோட்டு, போய்ப் பொறுக்கு எண்டான். நான் உப்புப் போட்டுக்கொண்டு நிண்டனான். மண்வெட்டி கையில கிடந்தது."

ஒரு காகம் வலையில் இறங்கி மீனைக் கொத்தியது. பஸ்தியான் கையை வீசி அதை விரட்டினான். அது திரும்ப வந்தது.

"அவர்தான் சொன்னவர். நான் மூண்டு மாசத்தில போற ஆள், எனக்கு மறியல் என்ன, வீடு என்ன, நீ பிள்ளையைப் பார் எண்டு. நான் ஓம் எண்டனான் அக்கா." றோசலினின் குரல் உயரவில்லை. "மூண்டு மாசத்துக்குத்தான் ஓம் எண்டனான். இருபது வருசத்துக்கு இல்லை."

அஸீஸா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். திட்டம் போட்டுச் செய்ததற்கும் கோபத்தில் கைமீறியதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. அத்தாஉல்லாவோடு முதலில் கதைப்போம். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இதில் எதுவும் மூன்று பேரையும் ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்காது. அந்த மனிதன் சொன்னதை மாற்றமாட்டான். படத்தைக் காட்டினால் அதுவும் பொய் என்பான். நீதிமன்றத்தில் ஒரு பிணத்துக்கு இரண்டு குற்றவாளிகள் நிற்பார்கள், ஒருவருக்காக ஒருவர் வழக்காடுவார்கள், மாதங்கள் போகும்.

அவள் அத்தாஉல்லாவுக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யா அல்லாஹ்," என்றார். பிறகு, "நான் வாற வரைக்கும் அவங்கள வாய் திறக்க விடவேணாம். நான் வெளிக்கிட்டன்," என்றார்.

அதற்குள் றோசலின் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். உடுப்பு மாற்றவில்லை. "நேரம் என்ன?"

"ஒரு மணி ஆகப் போகுது."

"ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அதுக்கு முதல் என்னைக் கொண்டுபோய்ப் பொலிசில விட்டிடுங்கோ அண்ணை. அவளைக் கண்டா நான் போகமாட்டன்." வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தபிறகு வெளியே எட்டிப் பார்த்தாள். "நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வாறீங்களோ அக்கா? கிட்டத்தான், கோயிலுக்குப் பக்கத்தில."

"என்ன சொல்லட்டும்?"

"அப்பா வருவார் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

வண்டி முதல் உதையில் இயங்கவில்லை. பஸ்தியான் இறங்கிப் பின்னால் போய் எதையோ தட்டினான். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் தட்டினான். றோசலின்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணை, மணி போகுது."

*

பள்ளிக்கூட வாசலில் அஸீஸா வெயிலில் நின்றாள். மணி அடித்ததும் வெள்ளைச் சீருடைகள் படலைக்கு வெளியே கொட்டுண்டன. மூன்றாம் வகுப்பு வரிசையில் வந்த டிலுக்ஷி, தாயின் முகத்தைத் தேடிவிட்டு, இவளைக் கண்டு நின்றாள். வீட்டுக்கு இரண்டு தரம் வந்து போன அன்ரி என்று தெரியும்.

"அம்மா வரேல்லையோ?"

"நான் கூட்டிப் போக வந்தன்." அஸீஸா குனிந்து அவளுடைய புத்தகப் பையை வாங்கிக்கொண்டாள். "அப்பா வருவாராம், அம்மா சொல்லச் சொன்னா."

பிள்ளையின் கண் விரிந்தது. தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவோ போட்டா?"

"ஓம்," என்றாள் அஸீஸா. "அதுக்குத்தான் போயிருக்கா."

"அப்ப பின்னேரம் ரெண்டு பேரும் வந்திடுவினம்," என்று டிலுக்ஷி தானே முடிவெடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் முன்னால் ஓடத் தொடங்கினாள்.